களஞ்சியமும் கம்பளியும்

செஞ்சிக் கோட்டைக்குள் போனதும் எல்லோரும் கல்யாண மகால் முன்னால் நின்று படம் எடுப்பார்கள். அருகே இருக்கும் நெற்களஞ்சியத்தை யாரும் சீந்துவதில்லை. மராட்டிய அரசர் ராஜாராமைப் பிடிக்க வந்த முகலாயப் படை 1690 முதல் 1698 வரை கோட்டையடியில் கிடந்ததற்கு மலை பாதிக் காரணம் என்றால், இந்தக் கனத்த சுவருக்குள் இருந்த நெல் மீதி. (கோட்டை விழுந்தபோது ராஜாராம் நழுவியிருந்தார், அது வேறு கதை.)

வேண்டியதை முன்கூட்டியே சேர்த்துவைக்கும் இந்தப் பழைய புத்தி, 1914-இல் முதல் உலகப் போர் மூண்டபோது, சிம்லாவில் இருந்த ஆங்கில அரசுக்கு எட்டவில்லை. ஊருக்குப் போய் ஏர் பிடித்துக்கொண்டிருந்த ரிசர்வ் சிப்பாய்களையும் கூப்பிட்டார்கள். பலருக்கு வயசு ஏறியிருந்தது. பிரான்சுக்குப் போன இந்தியப் படை பருத்திக் காக்கியோடு மார்செய்யில் இறங்கியது. புது மாடல் துப்பாக்கியே அங்கே இறங்கிய பிறகுதான் கைக்கு வந்தது. கம்பளி உடுப்புக்கு இண்டென்ட் போட்டிருக்கும். பனிதான், பாவம், இண்டென்ட்டுக்குக் காத்திருக்கவில்லை.

ஒருவழியாகக் குளிர் பழகியது. உடனே, 1915 கடைசியில், காலாட்படையை மெசபடோமியா வெயிலுக்கு அனுப்பினார்கள். அங்கே மருத்துவ ஏற்பாடே படுமோசம் என்று அரசு அமைத்த விசாரணைக் கமிஷனே 1917-இல் எழுதிவைத்தது.