கவிழ்த்துப் பார்ப்பவர்

அருப்புக்கோட்டையில் துக்க வீட்டுக்கு முதலில் வந்து சேருகிறவர்கள் மூன்று பேர். பங்காளி, வட்டிக்குக் கொடுத்தவர், அப்புறம் நம்ம நாற்காலி அண்ணாச்சி. இறந்தவரை அண்ணாச்சிக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. இறந்தவரின் ஈசிச்சேரைத் தெரிந்திருக்கும். மாலையைப் போட்டுவிட்டு, மகனின் கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மட்டும் திண்ணைப் பக்கம் ஓட விடுவார்.

"அப்பா கடைசி வரைக்கும் அந்தச் சேர்லதான சாஞ்சிருந்தாக?"

மகன் விம்முவான்.

"பர்மாத் தேக்கு" என்பார் அண்ணாச்சி, குரல் தழுதழுக்க. இதுவும் ஒரு வகை ஆறுதல் போலிருக்கிறது என்று மகன் இன்னும் கொஞ்சம் அழுவான். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், அந்தச் சேர் அண்ணாச்சியின் மொபெட்டுக்குப் பின்னால் கயிற்றால் கட்டப்பட்டு, காலை மேலே நீட்டிக்கொண்டு திருச்சுழி ரோட்டில் போவதை ஊர் பார்க்கும்.

இந்த ரகத்து ஆட்கள் எல்லா ஊரிலும் உண்டு. பெரும்பாலும் ஓய்வு பெற்றவர்கள்: பள்ளிக்கூடம், மின்வாரியம், பத்திரப் பதிவு. ஆயுசு பூராவும் நாற்காலியில் உட்கார்ந்து சம்பளம் வாங்கியவர்கள், பென்ஷன் வந்த பிறகு நாற்காலிக்கு ஊழியம் செய்யக் கிளம்பிவிடுகிறார்கள். நம்மவர் பத்திரப் பதிவு. மனிதர்களை அவர் இரண்டாகத்தான் பிரிப்பார்: நாற்காலியில் உட்காருகிறவர்கள், நாற்காலியைப் பின்னங்காலில் நிறுத்தி ஆடுகிறவர்கள். இரண்டாவது வகைக்கு அவர் பெண் கொடுக்க மாட்டார். ஒரு வரன் அப்படித்தான் தட்டிப்போனது என்று ஊரில் பேச்சு.

கல்யாண மண்டபத்தில் அவரை அடையாளம் காண்பது சுலபம். எல்லாரும் இடம் பிடித்து உட்காரும்போது ஒருவர் மட்டும் நாற்காலியைத் தலைகீழாகக் கவிழ்த்து, மூட்டுகளைத் தட்டிக் கேட்டுக்கொண்டிருப்பார். அது பிளாஸ்டிக் நாற்காலி என்று தெரிந்தும் கவிழ்ப்பார். பழக்கம். ஊரைத் தாண்டினாலும் இதே கதைதான். திருச்சுழிக்கு மற்றவர்கள் போவது பூமிநாதர் கோயிலுக்கு. 1879-இல் ரமணர் பிறந்த வீட்டைப் பார்க்க வெளிநாட்டுக்காரர்கள்கூட வருகிறார்கள். அண்ணாச்சியும் கோயிலுக்குப் போகிறார். திரும்பும்போது கணக்குப்பிள்ளை நாற்காலி ஒன்று கூட வருகிறது.

வீட்டு வாசலில் வேப்பமரத்தடிதான் பட்டறை. ஒரு சட்டியில் தண்ணீர், அதற்குள் ஒரு டப்பா, டப்பாவுக்குள் உருகும் வஜ்ரப் பசை. அந்த வாடைக்கு எதிர்வீட்டு ஜன்னல் சாத்தியே இருக்கும். இந்தக் கரிசல் காட்டு வெயிலைத் திட்டாத ஆள் அவர் ஒருவர்தான். அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து, துணிக்குள் பஞ்சை முடிந்து தேய்க்கும் பாலிஷ், ஈரக்காற்று பட்டால் வெளுத்துப்போகும். "மெட்ராஸ்ல ஒருத்தன் இத நிம்மதியா செய்ய முடியாதுய்யா, இங்க வருசத்துல பத்து மாசம் செய்யலாம்" என்பார், மழை பெய்யாததற்கு அவரே ஏற்பாடு செய்த மாதிரி. அதே வெயிலில் மரம் சுருங்கி மூட்டெல்லாம் கழன்று, சித்திரையில் அத்தனை நாற்காலியும் ராத்திரி முழுக்க முனகும். அதைப் பற்றிப் பேச மாட்டார்.

பிரம்பு பின்னுவதுதான் அவர் வேலையில் பார்க்க வேண்டியது. முதலில் நெடுக்கு, மேலே குறுக்கு, மறுபடி நெடுக்கு, மறுபடி குறுக்கு, கடைசியில் இரண்டு பக்கமும் மூலைவாட்டம். ஆறு தடவை ஓடினால்தான் அந்த எண்கோணக் கண் விழும். ஒரு காலத்தில் அரசு அலுவலக நாற்காலிகளைப் பின்னிக் கொடுத்தவர்களில் பலர் பார்வை இல்லாதவர்கள். அவர்களுக்கான பள்ளிகளில் கற்றுக்கொடுத்த தொழில் அது. அலுவலகத் தாழ்வாரத்தில் அப்படி ஒருவரிடம்தான் அண்ணாச்சி கற்றார். மூலைவாட்டத்தில் திரும்பத் திரும்பத் தப்பு வந்தபோது அவர் சொன்னாராம்: "நீங்க கண்ணால பாத்துப் பின்னுறீக சார், அதான்." பிளாஸ்டிக் நாற்காலி வந்து அந்தப் பிழைப்பையும் கொண்டுபோயிற்று. இதைச் சொல்லும்போது மட்டும் அண்ணாச்சி தமாஷ் பேசுவதில்லை.

ஆனால் பிரம்பை ஊற வைக்கத் தண்ணீர் வேண்டும். குழாயில் எப்போது வரும் என்று தெருவே காத்துக் கிடக்கும் ஊர் இது. அண்ணாச்சியின் மனைவி, எங்களுக்கு அக்கா, சும்மா விடுவாரா?

"குடிக்கிற தண்ணியில குச்சிய ஊறப்போட்டிருக்கீகளே, மனுச புத்தியா இது?"

"குச்சியில்ல, பிரம்பு."

"அந்தப் பிரம்ப எடுத்து யார அடிக்கன்னு யோசிக்கிறேன்."

அக்காவின் நியாயம் எனக்குப் புரிகிறது. பதினொரு நாற்காலி இருக்கும் வீட்டில் அவர் அரிவாள்மணையோடு தரையில் உட்கார்ந்துதான் வெங்காயம் நறுக்குகிறார். "பாலிஷ் காயல" என்பது அண்ணாச்சியின் நிரந்தர பதில். போன தீபாவளிக்கு அடித்த பாலிஷ் அது.

ஈசிச்சேருக்குத் துணி மாற்றுவது இன்னொரு கூத்து. கடைத் துணி கூடாது. தறி ஓடுகிற ஊரில் இருந்துகொண்டு கடைத் துணியா? தறிக்காரரிடம் போய் நிற்பார்.

"சேலைக்குப் பாவு ஏத்தியிருக்கேன் அண்ணாச்சி, சேருக்கா நெய்யச் சொல்றீக?"

"நாலு முழம்தாம்ப்பா."

அந்த நாலு முழத்தில் கோடு எத்தனை, கோட்டின் நிறம் என்ன என்று பேசி முடிப்பதற்குள் தறிக்காரர் ஒரு சேலையை இறக்கியிருப்பார்.

சிக்கல் பெரிதானது மாப்பிள்ளையால். வெளிநாட்டில் வேலை பார்க்கும் அவர், டென்மார்க் நாற்காலி ஒன்றின் படத்தைப் போனில் காட்டினார். ஹான்ஸ் வெக்னர் 1949-இல் வடிவமைத்தது. உட்காரும் இடத்துக்குக் காகிதக் கயிறு, ஏறக்குறைய 120 மீட்டர்.

"காகிதமா?" என்றார் அக்கா. "நம்ம வாசல்ல வச்சா ஒரு வாரத்துல கரையான் தின்னு ஏப்பம் விடும்."

"விலை ஐம்பதாயிரத்துக்கு மேல, மாமா" என்றார் மாப்பிள்ளை. அதே ஆசாமி செய்த இன்னொரு நாற்காலியில் உட்கார்ந்துதான் 1960-இல் கென்னடியும் நிக்சனும் தொலைக்காட்சியில் வாதாடினார்கள் என்றும் சேர்த்துவிட்டார். அண்ணாச்சி அன்று ராத்திரி தூங்கவில்லை. பொறாமை என்று நினைத்துவிடாதீர்கள், ஆராய்ச்சி. காலையில் தீர்ப்பு தயாராக இருந்தது. டென்மார்க் நாற்காலிக்காரர்களுக்கு ஆசான் மாதிரி இருந்த கோரே கிளிண்ட், 1933-இல் செய்த சஃபாரி நாற்காலிக்கு மாதிரியாக எடுத்துக்கொண்டது நம்ம ரூர்க்கி நாற்காலியை. வெள்ளைக்கார ராணுவ அதிகாரிகள் மடித்து எடுத்துப்போக ரூர்க்கியில் பிறந்தது அது. "டென்மார்க்காரனுக தரங்கம்பாடியில 1620-லேருந்து 1845 வரைக்கும் இருந்தானுகளே, அப்பவே நம்ம திண்ணையப் பாத்திருப்பானுக" என்று கூடுதலாக ஒன்று போட்டார். இதற்கு ஆதாரம் கிடையாது. வேப்பமரத்தடியில் யாரும் கேட்கவும் இல்லை.

சண்டிகர் கதையைச் சொன்னதுதான் மாப்பிள்ளை செய்த பாவம். 1950-களில் பியர் ஜானெரே அந்த நகரத்து அலுவலகங்களுக்குத் தேக்கிலும் பிரம்பிலும் நாற்காலி வடிவமைத்தார். பிரம்பு அறுந்ததும் மொட்டை மாடியில் குவித்துப் பழைய சாமானாக ஏலம் விட்டார்கள். வாங்கியவர்கள் செப்பனிட்டு ஐரோப்பிய ஏலக் கடைகளில் லட்சக்கணக்கில் விற்றார்கள். 2011-இல் மத்திய அரசு அந்தச் சாமான்களை விற்கக் கூடாதென்று உத்தரவு போட்டபோது நிறையக் கப்பலேறியிருந்தன. கேட்டதிலிருந்து அண்ணாச்சி தாலுகா ஆபீஸ், பள்ளிக்கூடம், கூட்டுறவு பண்டகசாலை என்று ஒவ்வொரு மொட்டை மாடியாக அண்ணாந்து பார்த்துக்கொண்டு நடக்கிறார். கரண்ட் கம்பத்தில் ஒருமுறை மோதியும் விட்டார்.

விற்பாரா என்றால், மாட்டார். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் வியாபாரிகள் அவரைக் கண்டால் டீகூட வாங்கித் தருவதில்லை. வாங்கவும் மாட்டார், விற்கவும் மாட்டார், கடையிலுள்ள அத்தனையையும் கவிழ்த்துப் போட்டுவிட்டுப் போவார். என்னைக் கேட்டால், அடுப்புக்குப் போயிருக்க வேண்டிய பத்து நல்ல நாற்காலி இந்த ஊரில் இன்னும் நிற்பது அவரால்தான். உட்கார முடியாது என்பது வேறு விஷயம்.

உங்கள் வீட்டுப் பரணில் தாத்தாவின் ஈசிச்சேர் கால் ஆடிக் கிடந்தால் விறகுக் கடைக்குத் தூக்காதீர்கள். அண்ணாச்சிக்குச் சொல்லி அனுப்புங்கள். கூலி வாங்க மாட்டார், பிரம்புக்குக்கூடக் காசு கேட்க மாட்டார். ஒன்று மட்டும் கவனம்: வேலை முடிந்தது என்று தெரிந்த அன்றைக்கே இரண்டு ஆளோடு போய் எடுத்து வந்துவிடுங்கள். பாலிஷ் காயவில்லை என்பார். நம்பாதீர்கள்.