தலைகீழ் மரம்

மாக் கணினிகளில் வேண்டிய மென்பொருளை ஒரே கட்டளையில் நிறுவித் தரும் ஹோம்பிரூ என்ற சாதனத்தைச் சிருஷ்டித்து, நிரலாளர் உலகுக்குப் பேருபகாரம் செய்த மாக்ஸ் ஹவல் என்பவர், கூகிள் நிறுவனத்தின் நேர்முகத் தேர்வில், வெண்பலகைமுன் நின்று பைனரி மரம் என்னும் ஒரு தரவமைப்பைத் தலைகீழாகத் திருப்பிக் காட்ட இயலாமையால் தாம் நிராகரிக்கப்பட்டதாக 2015-இல் ட்விட்டரில் அறிவித்தார். அந்நிறுவனத்துப் பொறியாளர்களில் பெரும்பாலோர் உபயோகிப்பது தம் சிருஷ்டியையே என்றும் அவர் குறைப்பட்டுக்கொண்டார். ஆனால் தச்சன் செய்த நாற்காலியில் சாவதானமாகச் சாய்ந்துகொண்டு, அவனையே ‘உளியின் இலக்கணத்தை ஒப்புவி’ என்று கேட்பதில் ஓர் அலாதியான கம்பீரம் உண்டல்லவா?

ஒரு விமானத்துக்குள் எத்தனை கோல்ஃப் பந்துகள் அடங்கும் என்பன போல நேர்முகத் தேர்வுகளில் கேட்கப்பட்ட புதிர்கள் வெறும் காலவிரயம் என்றும், கேட்பவருக்குத் தம் புத்திசாலித்தனத்தைப் பற்றிய திருப்தியை அளிப்பதே அவற்றின் பிரதான பிரயோஜனம் என்றும், அதே நிறுவனத்தின் மனிதவளத் தலைவராயிருந்த லாஸ்லோ பாக் 2013-இலேயே ஒப்புக்கொண்டுவிட்டார். பந்துகள் போயின, மரங்கள் மிஞ்சின. வேலையில் அமர்ந்தபின் அந்த மரத்தைத் திருப்பும்படி ஆயுளில் ஒருமுறையேனும் எவரும் கேட்கப்போவதில்லையாதலால், அவ்வித்தையைத் தேர்விலேயே கேட்டுத் தீர்த்துவிடுவதுதான் நியாயம் போலும்!