சமத்துவ அருவி

தருமபுரி ஜில்லாவின் பெருமையாகிய ஒகேனக்கலைப் பற்றி இணையத்தில் உலவும் சலனப்படங்களைப் பார்த்தவர்கள், அவற்றுள் அநேகத்தைத் தயாரித்த மகானுபாவர்களின் சமத்துவ நோக்கை வியக்காமல் இரார். ஏனெனில் விழிப்புலன் அற்றவருக்கு வருணனையின்றி வாத்திய கோஷத்தையும், செவிப்புலன் அற்றவருக்கு எழுத்தின்றி உதட்டசைவையும் அளித்து, இருவரையும் ஒரே பந்தியில் அமர்த்தி வெற்றிலையைப் போடுகிறார்கள். வெற்றிலை என்றால் தாம்பூலம் அன்று, சோறில்லாத இலை. மின்னணு ஊடகங்களில் ஒலி வருணனையும் சைகைமொழியும் வசன வரிகளும் கிடைக்க அரசு ஆவன செய்யவேண்டும் என்று 2016-ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 42-ஆம் பிரிவு விதிப்பது வாஸ்தவந்தான். ஆயினும் அறிவிப்புக் காகிதத்தை ஸ்கேன் செய்து வலைத்தளத்தில் வெறும் படமாக ஏற்றி, எழுத்தை உரக்கப் படிக்கும் மென்பொருளையே மௌன விரதம் பூணச்செய்யும் சாமர்த்தியத்தைச் சட்டம் எதிர்பார்த்திராது போலும். அச்சட்டத்தின்கீழ் வகுத்த, மாற்றுத்திறனாளிகளுக்கான அணுகல் தரங்களைப் பற்றிய 15-ஆம் விதி வெறும் சிபாரிசாக நிற்பது செல்லாது, கட்டாயத் தரங்களை மூன்று மாதத்தில் வகுக்கவேண்டும் என்று உச்ச நீதிமன்றம், ராஜீவ் ரதூரி வழக்கில், 2024 நவம்பர் 8 அன்று தீர்ப்பளித்தது. வலைத்தளம் நடத்தும் கனவான்கள், தத்தம் படைப்பை ஒருமுறை கண்ணை மூடிக்கொண்டும், மறுமுறை ஒலியை அடக்கிவிட்டும் பரீட்சித்துப் பார்ப்பார்களாக.