மென்பொருளுக்கும் ஒரு முத்திரை குத்துங்கள்

அஞ்சல் துறைச் செயலர் அவர்களுக்கு, புது தில்லி 110001, கோல் மார்க்கெட்டிலிருந்து வணக்கம். சன்சத் மார்க்கில் உள்ள தங்கள் டாக் பவனுக்கும் இதே பின்கோடுதான். கடிதம் வழிதவற நியாயமில்லை.

2025 ஆகஸ்ட் 2 அன்று தில்லியின் பல அஞ்சலகங்களில் பரிவர்த்தனையை நிறுத்திவிட்டு, 4-ம் தேதி 'ஏபிடி' என்ற புதிய மென்பொருளுக்கு மாறினீர்கள். 9-ம் தேதி ரக்ஷா பந்தன். ராக்கி உறைகள் மலையாகக் குவியும் வாரமாகப் பார்த்து நாள் குறித்த உங்கள் பஞ்சாங்கக்காரருக்குப் பாராட்டுகள். பல ஊர்களில் சர்வர் திணறியது, கவுன்டரில் வரிசை நீண்டது. பழுது மென்பொருளிலா, இணைப்பிலா, கூட்டத்திலா என்று யாரால் பிரித்துச் சொல்ல முடியும்? பழியை மூன்றாகப் பங்கு போட்டுவிடலாம். இது போதாதென்று, செப்டம்பர் 1 முதல் பதிவுத் தபால் ஸ்பீடு போஸ்ட்டோடு இணையும் என்றும் அறிவித்தீர்கள். ஒரு மாற்றம் நிலைகொள்ளும் முன்பே அடுத்ததை ஏற்றினால், எது எதைக் கெடுத்தது என்று கண்டுபிடிக்கவே முடியாது என்பது மென்பொருள் தொழிலில் அரிச்சுவடி.

கர்நாடகத்தில் மே, ஜூனில் சோதித்தோம், பிறகு படிப்படியாகத்தான் நகர்ந்தோம் என்பீர்கள். உண்மை. வெளியாரிடம் கொடுக்காமல் உங்கள் மைசூரு மையமே இதை எழுதியதும் பெருமைக்குரியது. ஆனால் அந்த மாதங்களில் ராக்கி கிடையாதே! பழையதும் புதியதும் சேர்ந்து ஓடாது என்றும் நீங்கள் சொல்லலாம். ஆனால் 1972 ஆகஸ்ட் 15 அன்று பின்கோடு வந்தபோது, அதை எழுதாத கடிதங்களையும் கொண்டுபோய்ச் சேர்த்தவர்கள் நீங்கள். கடிதம் போலல்லாமல், சேமிப்புக் கணக்கின் இருப்பு ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் இருக்க முடியாது, ஒப்புக்கொள்கிறேன். பழையதற்குத் திரும்பி வரும் வழி அவ்வளவு கடினமென்றால், புறப்படும் நாளை இன்னும் கவனமாகவல்லவா பார்த்திருக்க வேண்டும்?

பிரிட்டன் அஞ்சலகங்களில் ஹொரைசன் என்ற கணக்கு மென்பொருள் காட்டிய பொய்க் கணக்கால் 900-க்கும் மேற்பட்ட துணை அஞ்சலக நடத்துநர்கள் குற்றவாளிகளாக்கப்பட்டார்கள். மென்பொருள் நிறுவனத்தார் தொலைவிலிருந்தே கிளைக் கணக்கில் கைவைக்க முடியும் என்பதை அங்கே நெடுநாள் மறுத்துவந்தார்கள். இங்கே அப்படி நடந்ததாக நான் சொல்லவில்லை. எந்தப் பதிப்பு, என்று, யார் ஒப்புதலில் மாறியது என்ற பதிவேடு இல்லாவிட்டால் கடைசியில் மாட்டிக்கொள்பவர் கவுன்டரில் இருக்கும் எழுத்தர்தான் என்கிறேன்.

ஐந்து ரூபாய் உறைக்குக்கூடத் தேதியும் ஊரும் தெரிய முத்திரை குத்தும் துறை உங்களுடையது. அடுத்த மாற்றத்தின் தேதி, அதில் என்ன மாறுகிறது, கெட்டால் எப்படித் திரும்புவது என்ற மூன்றையும் ஒவ்வொரு அஞ்சலக அறிவிப்புப் பலகையிலும் முன்கூட்டியே ஒட்டுங்கள். ராக்கிக்கும் தீபாவளிக்கும் முந்தைய இரண்டு வாரங்களில் மட்டும் தயவுசெய்து எதையும் தொடாதீர்கள்.

இப்படிக்கு,
கோல் மார்க்கெட் வாசி ஒருவர்