நெகட்டிவ் ஸ்கேன்காரர்

நெகட்டிவ் ஸ்கேன்காரர் பெரும்பாலும் ஐம்பதைத் தாண்டியவர். பிள்ளைகள் வெளியூரில், வீட்டில் ஓர் அறை காலி. பரண்மேல் கிடந்த பிஸ்கட் டப்பா அந்த அறைக்கு இறங்கி வரும் நாளில் இவர் உருவாகிறார். டப்பாவில் கல்யாணம், காதுகுத்து, பழனி மொட்டை என்று பல வருஷத்து நெகட்டிவ்கள், ஆறாறு படமாக நறுக்கி, ஸ்டூடியோ பெயர் போட்ட உறைகளில் இருக்கும். "ஒரே மாசத்துல எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்திடறேன்" என்பார். குடும்பம் நம்பும்.

முதல் கருவி மேசை ஸ்கேனர். பெட்டியின் மேல் 6400 டிபிஐ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். அதில் பாதிகூட நிஜத்தில் தேறாது என்பதை வாங்கிய மறுவாரம் கண்டுபிடித்து, வீட்டில் மூச்சுவிடாமல் வைத்துக்கொள்வார். முற்றியவர்கள் நிக்கான் கூல்ஸ்கேனைத் தேடி அலைவார்கள். உற்பத்தி நின்று பல வருஷமான அந்தக் கருவியை வாங்கி, அதோடு ஒத்துப்போக ஒரு பழைய கம்ப்யூட்டரையும், அந்தக் கம்ப்யூட்டருக்காக ஒரு பழைய கேபிளையும் வாங்குவார்கள். 4000 டிபிஐ, 48 பிட் என்று வைத்து எடுத்தால் ஒரு படமே 120 எம்பியைத் தாண்டும். அத்தை கண்ணை மூடிக்கொண்டிருக்கும் படமும் அதே 120 எம்பிதான்.

முதல் வாரம் எக்ஸ்போஷர் 'ஆட்டோ'வில் ஓடும். ஃபிலிம் ஓரத்துத் துளைகள் வழியே விளக்கு நேராகப் பாயும்; ஃபிலிமைப் பிடித்திருக்கும் சட்டத்தின் கறுப்பு விளிம்பும் உள்ளே வந்து உட்காரும். மென்பொருள் இரண்டையும் படத்தின் பாகமாகவே எண்ணி அளந்துவிடும். நெகட்டிவை நேர்ப்படமாகத் திருப்பிப் போடும்போது துளை, எங்கும் இல்லாத கறுப்பாகிறது. விளிம்பு, எங்கும் இல்லாத வெள்ளையாகிறது. நடுவில் மாட்டிய மாப்பிள்ளை சாம்பல் பூத்து நிற்பார். தேர்வுக் கட்டத்தைப் படத்துக்குள்ளேயே சற்று ஒடுக்கினால் பாதித் தொல்லை தீரும். இதை அறிந்த இரவில் இவர் அடையும் பரவசத்தை, எழுப்பப்பட்ட மனைவியால் பங்கிட்டுக்கொள்ள முடிவதில்லை.

அடுத்தது, இவர் வாயில் ஓயாமல் அடிபடும் 'பேஸ்'. கலர் நெகட்டிவில் வெளிச்சமே படாத ஓரம் ஆரஞ்சாக இருக்கும். அது அழுக்கோ பழுப்போ அல்ல. மெஜந்தா, சயான் சாயங்கள் விழுங்கக் கூடாத ஒளியையும் கொஞ்சம் விழுங்கிவைக்கும். அதைச் சரிக்கட்டத் தயாரிப்பிலேயே சேர்த்த நிறம். வீட்டுக்கு வருபவர் எவரும் இதைக் கேட்காமல் காபி குடித்துவிட்டுப் போய்விட முடியாது. நெகட்டிவில் மிகவும் வெளிச்சமான இடம் இந்த ஓரம்தான். பிரிண்டில் அதுவே முழுக் கறுப்பு. ஆகவே ஓரத்தை அளந்து, மூன்று நிறங்களின் ஹிஸ்டோகிராமும் வலக்கோடியில் முட்டாமல், ஆனால் அதை ஒட்டி நிற்கும்படி எக்ஸ்போஷரை வைத்துப் பூட்டிவிட வேண்டும். ஆரஞ்சு நிறம் நீல ஒளியைத் தடுப்பதால், கருவி இடம்கொடுத்தால் நீலத்துக்குக் கூடுதல் நேரம். 8 பிட்டில் ஒரு நிறத்துக்கு 256 படிதான். 16 பிட்டில் 65,536. பின்னதில் எடுத்து வைத்தால் கறுப்பையும் வெள்ளையையும் சாவகாசமாக வெட்டிக்கொள்ளலாம். அந்த ரோல் முழுக்க அதே அளவு போதும்.

இது அத்தனையும் இவருக்கு அத்துப்படி. கேட்டவருக்கெல்லாம் பிசகில்லாமல் சொல்லிக்கொடுப்பார். தாம் மட்டும் பூட்டமாட்டார். இந்தப் படம் இன்னும் ஒரு பொட்டு நன்றாக வருமே என்று அவிழ்த்துவிடுவார். முகூர்த்தத்தில் வெள்ளையாயிருந்த வேட்டி பந்தியில் ஊதாவாகும்.

வெளிச்சம் குறைந்த படங்களில் இவருடைய பிடிவாதம் தனி. கலர் நெகட்டிவ் இரண்டு மூன்று ஸ்டாப் கூடுதல் வெளிச்சத்தை அலட்டிக்கொள்ளாமல் தாங்கும், குறைவைத் தாங்காது. ஃப்ளாஷ் எட்டாத பந்தல் மூலையில் ஃபிலிமில் ஒன்றுமே பதிந்திருக்காது. அங்கே நிழலைத் தூக்கத் தூக்கப் புழுதிதான் கிளம்பும். ஆனாலும், "அந்த ஓரத்துலதான் சின்ன தாத்தா உக்காந்திருந்தார்" என்று யாரோ போகிறபோக்கில் சொன்னதற்காக ஒரு வாரத்து இரவுகள் அந்த மூலையிலேயே கழியும்.

டோன் விஷயத்தில்தான் நோய் முற்றும். நெகட்டிவுக்குள் ஒரே ஒரு சரியான படம் ஒளிந்திருக்கிறது, அது பழைய ஆல்பத்தில் இருந்தது என்பது இவர் கட்சி. ஆல்பத்தில் இருந்ததோ கலர் லேப் ஆளின் தீர்ப்பு. பிரிண்ட் போடும் இயந்திரம், படத்து நிறங்களையெல்லாம் கூட்டிக் கழித்தால் சாம்பல்தான் மிஞ்சும் என்ற நம்பிக்கையில் ஓடுவது. அரக்குப் பட்டு படம் முழுக்க அடைத்திருந்தால், சிவப்பு தூக்கல் என்று முடிவுகட்டிச் சயானை ஏற்றும். கல்யாணப் பெண்ணின் முகத்தில் பச்சை பாயும். பின்னணி இருட்டென்றால் மொத்தத்தையும் வெளுத்துவிடும்; முகமெல்லாம் பவுடர் அப்பினாற்போல் ஆகும். ஸ்கேனரின் ஆட்டோவுக்கும் ஏறக்குறைய இதே புத்திதான். லேப்காரருக்கு இந்தச் சங்கதி தெரியும். மஞ்சள், மெஜந்தா, சயான், டென்சிடி என்ற பொத்தான்களில் விரலை வைத்தபடி, நெகட்டிவை ஒரு பார்வை பார்த்து, இரண்டு தட்டுத் தட்டி, அடுத்ததற்குப் போய்விடுவார். டீ ஆறுவதற்குள் ஒரு ரோல் முடியும். அந்த டீ ஆறும் நேரத் தீர்ப்பைத்தான் இவர் மானிட்டரை அளக்கும் கருவி வாங்கி, சுவருக்குச் சாம்பல் பெயின்ட் அடித்து, பகலில் ஜன்னலை மூடி, கறுப்பு முனை, வெள்ளை முனை, நடு டோன் என்று தேடிக்கொண்டிருக்கிறார். தோலின் நிறம் சரியா என்று பார்க்க அத்தையையே மானிட்டர் பக்கத்தில் உட்காரவைப்பதும் உண்டு. படத்தில் அத்தைக்கு இருபத்தெட்டு, நாற்காலியில் எழுபது. "மொகம் தெரியுதுல்ல, விடேன்டா" என்று அத்தை எழுந்து போய்விடுவார்.

ஸ்லைடு வைத்திருப்பவருக்கு இந்த வியாதி குறைவு. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாலே படம் தெரிந்துவிடுவதால் வாதத்துக்கு இடமில்லை. அவர் கவலை வேறு: அடர்த்தி 3.0 என்றால் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒளிதான் ஊடுருவும், ஸ்லைடின் கறுப்பு அதையும் தாண்டும். எனவே வெளிச்சப் பகுதி வெட்டுப்படாமல் காத்துக்கொண்டு, இருட்டில் இரைச்சலோடு மல்லுக்கட்டுவார்.

டப்பாவின் அடியில் கறுப்பு வெள்ளை வரும். உதகையில் 1960இல் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸின் 'இந்து' ஃபிலிமும் அதில் அகப்படலாம். கலர் ஃபிலிமில் தூசியைக் கண்டுபிடித்து அழிக்கும் இன்ஃப்ராரெட் வசதியை இதற்கும் போடுவதுதான் எல்லாரும் முதலில் செய்யும் காரியம். கலர் ஃபிலிமின் சாயங்கள் இன்ஃப்ராரெட்டுக்கு வழிவிடும், கறுப்பு வெள்ளையில் படமாக நிற்கும் வெள்ளி மறிக்கும். நெகட்டிவில் வெள்ளி அடர்ந்திருப்பது படத்தின் வெள்ளைப் பகுதிகளில். ஆக, மென்பொருள் தாத்தாவின் வேட்டியையும் விபூதியையும் தூசி என்று துடைக்கப் பார்க்கும். அதற்குப் பிறகு இவர் ஊதுபந்தும் தூரிகையுமாக உட்கார்ந்துவிடுவார்.

இப்படியே இரண்டு தீபாவளி போகும். மூன்றாவதுக்கு வந்த அக்கா மகன், ஒரு பட்டையை உருவி, டியூப்லைட்டுக்கு முன்னால் பிடித்து, செல்போனில் எடுத்து, நிறத்தைத் திருப்பிக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுவான். ஆரஞ்சைக் கழிக்காததால் படம் முழுக்க நீலம், கோணல் வேறு, ஓரத்தில் கட்டைவிரல். ஐந்து நிமிடத்தில் இதயங்களும் கும்பிடும் கைகளும் குவியும். வெள்ளை வெட்டுப்பட்டதையும் பேஸைக் கழிக்காததையும் விளக்கி இவர் நீளமான குரல்பதிவு ஒன்றை அனுப்புவார். அதன் கீழேயே சித்தி, "சூப்பர் தம்பி, இன்னும் இருந்தா போடு" என்று எழுதுவார். அது அக்கா மகனுக்கு.