பொன் விலங்கு

வக்கீல் தொழிலில் கைதேர்ந்தவரான தாமஸ் மோர் என்னும் ஆங்கில தேசத்து மகானுபாவர், 1516-ஆம் ஆண்டு லத்தீன் பாஷையில் தாம் சிருஷ்டித்த உட்டோப்பியா என்ற லட்சியத் தீவில் வக்கீல்களுக்கு மாத்திரம் இடமில்லையென்று கதவடைத்துவிட்டதை, அவருடைய கட்சிக்காரர்கள் எவ்வளவு ரசித்திருப்பார்களோ! நாளுக்கு ஆறு மணி நேர உழைப்பு, சகலமும் பொது. அனுமதிச் சீட்டின்றி இரண்டாம் முறை ஊரெல்லை தாண்டியவனும் அங்கே அடிமைதான். அங்கே மூத்திரச் சட்டியும் அடிமையின் விலங்கும் தங்கத்தில்தான் வார்க்கப்படுமாதலால், பொன்னாபரணம் பூண்டு வந்த அயல்நாட்டு ஸ்தானாபதிகளை அடிமைகளென்றெண்ணி ஒதுக்கிவிட்டு, எளிய உடையில் பின்னால் வந்த வேலையாட்களுக்கு ஜனங்கள் நமஸ்காரம் செய்தார்களாம். பதினொரு வருஷம் கழித்து, 1527-இல், ஹோல்பைன் என்ற சித்திரக்காரருக்கு முன்னால் மோர் கம்பீரமாக வீற்றிருந்தபோது, அவர் தோள்களைச் சுற்றிக் கனமாகத் தொங்கிய சங்கிலி சாக்ஷாத் தங்கம்.