பாஸ்வேர்டு மறந்த பேராண்டிக்கு

கொஞ்சம் அந்த லேப்டாப்பை மூடி வைடா பேராண்டி. இன்னொரு தடவை தப்பா அடிச்சா நாளைக்கு வரைக்கும் பூட்டிருவேன்னு அது மிரட்டுது. நீயும் சளைக்காம அடிக்கிறே. மகன் பேரைப் போட்டுப் பாத்தாச்சு, பொண்டாட்டி பேரைப் போட்டாச்சு. அவ அடுப்படிக்குப் போன நேரமாப் பாத்து இன்னொரு பேரும் போட்டுப் பாத்தே. நான் கண்ணை மூடிக்கிட்டுதான் இருந்தேன், தூங்கலை.

எனக்கு என்ன தெரியும், ராயக்கோட்டைப் பக்கத்து மாந்தோப்புக்காரன். ஒசூர் தாண்டி, அத்திப்பள்ளி தாண்டி, சில்க் போர்டு நெரிசல்ல பஸ்ஸுக்குள்ளேயே ஒரு தூக்கம் போட்டு எந்திரிச்சு உன் வாசலுக்கு வந்தா, சொந்தப் பேரன் வீட்டுக்குள்ள போறதுக்கு வாட்ச்மேன் என்கிட்டே நம்பர் கேக்கிறான். ஆனா சும்மா உக்காந்து பேப்பர் படிக்கிறவனுக்குச் சில சங்கதி தெரிஞ்சுபோகும். வேலைக்குப் போறவனுக்கு அதுக்கு ஏது நேரம்?

உன் பக்கமும் நியாயம் இருக்குதுதான். பெங்களூர்ல குடித்தனம் பண்றவனுக்கு எத்தனை வாசல்! கரெண்டுக்கு பெஸ்காம். தண்ணிக்குக் குடிநீர் வாரியம். சொத்து வரிக்கு ஒண்ணு, இ-கத்தாவுக்கு ஒண்ணு. சர்க்கார் சான்றிதழுக்கு சேவா சிந்து. பி.எஃப். பாக்க யுஏஎன். பொங்கலுக்கு ஊருக்கு வர ஐஆர்சிடிசி. பத்திரம் பதிய காவேரி 2.0. குழாய்ல வர்ற காவேரிக்கு ஒரு லாகின், பத்திரம் பதியற காவேரிக்கு வேற லாகின். ஒகேனக்கல்ல விழற காவேரிக்கு மட்டும்தான் இன்னும் லாகின் வைக்கலை. வெச்சாங்கன்னா ஓடிபி எந்த மாநிலத்து போனுக்கு வரணும்னு இன்னொரு நடுவர் மன்றம் போட வேண்டியிருக்கும்.

இந்தத் தலைவலிக்கு வயசு அறுபதைத் தாண்டியாச்சு. 1961ல அமெரிக்காவுல எம்.ஐ.டி.யில ஒரே கம்ப்யூட்டரைப் பல பேர் பங்கு போட்டு வேலை பாக்க ஏற்பாடு பண்ணினாங்க. அவனவன் கோப்பை அவனவன்தான் பாக்கணும்னு ஃபெர்னாண்டோ கார்பட்டோங்கிற வாத்தியார் ஆளுக்கொரு பாஸ்வேர்டு குடுத்தார். நல்ல மனுசன். மறுவருஷம் ஆலன் ஷெர்னு ஒரு ஆராய்ச்சி மாணவன். வாரத்துக்கு 4 மணி நேரம்தான் அவனுக்குக் கம்ப்யூட்டர், பத்தலை. பூட்டை உடைச்சானா? சுவர் ஏறிக் குதிச்சானா? ஒண்ணுமில்லை. கேட்ட கோப்பை அச்சடிச்சுத் தர்ற வசதி அங்கே இருந்துச்சு. பாஸ்வேர்டு கோப்பு வேணும்னு ஒரு அட்டையில ஓட்டை போட்டு, வெள்ளிக்கிழமை ராத்திரி குடுத்துட்டுப் போனான். சனிக்கிழமை காலையில போய்த் தாளை எடுத்துக்கிட்டான். அத்தனை பேர் பாஸ்வேர்டும் அதுல இருந்துச்சு. கேட்டான், குடுத்தாங்க. அவ்வளவுதான். அறுபது வருஷம் கழிச்சும் திருட்டு அப்படித்தானே நடக்குது? போன்ல கேக்கிறான், நாம குடுக்கிறோம். 1966ல இன்னும் பெரிய கூத்து. இன்னிக்குச் சேதின்னு எல்லாருக்கும் காட்ட வேண்டிய கோப்பும் பாஸ்வேர்டு கோப்பும் இடம் மாறிப்போயி, உள்ளே வந்த ஒவ்வொருத்தனுக்கும் ஊர்ப்பட்ட பாஸ்வேர்டைக் கம்ப்யூட்டரே அச்சடிச்சு நீட்டிருச்சு.

சரி, பெரிய எழுத்து ஒண்ணு, எண் ஒண்ணு, கோணல்மாணல் குறி ஒண்ணுன்னு உன்னைப் பாடாப்படுத்தறாங்களே, அந்த மந்திரத்தை எழுதினவர் யாருன்னு தெரியுமா? பில் பர். அமெரிக்காவுல என்.ஐ.எஸ்.டி.ன்னு தரம் வகுக்கிற சர்க்கார் ஆபீஸ்ல இருந்தவர். 2003ல எழுதினார். அடிக்கடி மாத்தணும்னும் சேத்து எழுதினார். உலகமே கையெடுத்துக் கும்பிட்டு வாங்கிக்கிச்சு. ரிட்டயராகி, 72 வயசுல, 2017ல ஒரு பத்திரிகைக்காரன்கிட்டே, நான் பண்ணினதுல நிறையத்துக்கு இப்ப வருத்தப்படறேன்னு சொல்லிட்டார். பென்ஷன் வந்ததுக்கு அப்புறம் வர்ற ஞானம் எல்லாம் சுத்தமான ஞானம்டா.

அவர் கணக்கைப் பாத்தார், மனுசனைத்தான் மறந்துட்டார். பெரிய எழுத்து கேட்டா முதல் எழுத்தைப் பெருசாக்குவான். குறி கேட்டா அட் குறி. எண் கேட்டா 123. உன் ஆபீஸ் பாஸ்வேர்டை நான் பாக்காமலே சொல்லட்டுமா? பெங்களூர், அட், 123. மூணு மாசம் கழிச்சு மாத்தச் சொன்னா 124. ஏன்டா முகம் அப்படிப் போகுது?

அந்த என்.ஐ.எஸ்.டி.யே 2017ல மனசு மாறிருச்சு. சும்மா சும்மா மாத்தச் சொல்லாதே, திருட்டுப் போன அடையாளம் தெரிஞ்சா மட்டும் மாத்தச் சொல்லு, குறி வேணும் எண் வேணும்னு படுத்தாதே, நீளமா இருந்தாப் போதும்னு சொல்லிருச்சு. 2025ல வந்த புது விதியில, பாஸ்வேர்டு ஒண்ணையே நம்பியிருக்கிற இடத்துல குறைஞ்சது 15 எழுத்துங்கிறாங்க. இதுக்கு அப்புறமும் உங்க ஆபீஸ்ல 90 நாளைக்கு ஒருக்கா மாத்தச் சொல்றாங்கன்னா, உலகத்துக்கே சாஃப்ட்வேர் எழுதற ஊர்ல இந்தச் சேதி மட்டும் சில்க் போர்டு சிக்னல்ல மாட்டிக்கிச்சு.

நம்ம சர்க்கார் லட்சணத்தையும் கேளு. ஆதாரை டவுன்லோடு பண்ணினா பூட்டின ஃபைலா வரும். சாவி? உன் பேருல முதல் நாலு எழுத்து, பெரிய எழுத்துல. கூடவே பொறந்த வருஷம். இதுல நம்மாளுக்கு இனிஷியல் வேற இருக்குதா, பி. குமார்னு ஒருத்தன் இருந்தா பி ஒரு எழுத்து, புள்ளி ஒரு எழுத்து, அப்புறம் கே, யு. அந்தப் புள்ளியை விட்டுட்டு அடிச்சா சாயங்காலம் வரைக்கும் திறக்காது. எங்க தமிழ் வாத்தியார்கூடப் புள்ளிக்கு இத்தனை மரியாதை குடுத்ததில்லை. வருமான வரிக்காரங்களும் சளைச்சவங்க இல்லை. இந்தியா முழுக்கப் போடற வரிக்கணக்கை உங்க ஊர்ல இருக்கிற செயலாக்க மையம்தான் பாக்குது. அங்கேயிருந்து வர்ற நோட்டீஸுக்குச் சாவி, சின்ன எழுத்துல பான் நம்பரும் பொறந்த தேதியும். நீயோ பிறந்தநாளுக்கு வயசோட ஃப்ளெக்ஸ் கட்டற சாதிசனத்துல பொறந்தவன். இந்த ஃபைலை எல்லாம் வாட்ஸாப்புல அனுப்பிட்டு, பூட்டித்தானே அனுப்பினேன்னு என்கிட்டே கதை விடாதே.

உன்னோட உண்மையான வியாதி வேற. எல்லா வாசலுக்கும் ஒரே சாவி. 2020 அக்டோபர்ல பெங்களூர்ல இருக்கிற பிக்பாஸ்கெட்டுல திருட்டு. 2 கோடிப் பேருக்கு மேல விவரம் போச்சு. பேரு, விலாசம், போன், பொறந்த தேதி, நேராப் படிக்க முடியாம பொடி பண்ணி வெச்ச பாஸ்வேர்டு. மறுவருஷம் ஏப்ரல்ல அத்தனையும் இன்டர்நெட்டுல சும்மா கொட்டிட்டாங்க. கம்பெனி சைபர் கிரைம் போலீஸுக்குப் போச்சு, எல்லாம் சரி. கொட்டிக் கிடக்கிறதை எடுக்கிறவன், நீ கத்திரிக்காய் எத்தனை கிலோ வாங்கினேன்னா பாப்பான்? கத்திரிக்காய்க்குப் போட்ட பாஸ்வேர்டையே மெயிலுக்கும் போட்டிருக்கானான்னுதான் பாப்பான்.

ஞாபகம் வெச்சுக்கப் பாக்காதேடா. வல்லாரை தின்னாலும் நடக்காது. நீ தினம் உள்ளே போறதே 'மறந்துவிட்டதா?'ன்னு கேக்கிற வாசல் வழியாத்தான். அந்த வாசல் எங்கே திறக்குது? உன் மெயில்ல. மெயில் போச்சுன்னா கரெண்டு, தண்ணி, ரயில் எல்லாம் அதோட கூண்டோட போச்சு. அதனால மனசுல வெச்சுக்க வேண்டியது மெயில் பாஸ்வேர்டு ஒண்ணு, போன் பூட்டு ஒண்ணு. மெயிலுக்கு வாய்க்கு வந்த வார்த்தை நாலஞ்சைக் கோத்து, தமிழை இங்கிலீஷ் எழுத்துல அடி. சினிமாப் பாட்டு வேணாம், உனக்குத் தெரிஞ்சது திருடனுக்கும் தெரியும். 'எருமை கோவணம் திருடி ராயக்கோட்டை ரயிலேறிச்சு'ன்னு வை. எவன் கண்டுபிடிப்பான்? இதையே வைக்காதே, இதை நான் சத்தமாச் சொல்லிட்டேன்.

மிச்சத்தை எல்லாம் பாஸ்வேர்டு மேனேஜர்கிட்டே விட்டுரு. நம்ம ஜோஹோக்காரங்களே வால்ட்னு ஒண்ணு வெச்சிருக்காங்க. பிட்வார்டன், கீபாஸ்னும் இருக்குது. ஒவ்வொரு வாசலுக்கும் வாயில நுழையாத பாஸ்வேர்டை அதுவே போட்டு அதுவே வெச்சுக்கும். அதைத் திறக்கிறதுக்கும் எருமைக்குப் பதிலா ஒரு ஆட்டை வெச்சு இன்னொண்ணு கோத்து, மூணாவதா அதையும் மனசுல வெச்சுக்க. அதுவும் பயமா இருந்தா அவென்யூ ரோட்டுக்குப் போ. கெட்டி அட்டை போட்ட நோட்டு ஒண்ணு வாங்கி எழுதி, பீரோவுல பட்டுப்புடவைக்கு அடியில வை. சிரிக்காதே. எங்கேயோ ரஷ்யாவுல உக்காந்திருக்கிற திருடன் உன் பொண்டாட்டி பீரோவைத் திறக்க ஆள் அனுப்ப மாட்டான். கம்ப்யூட்டர் மேல மஞ்சத் தாள்ல எழுதி ஒட்டறியே, அதைத்தான் வீட்டுக்கு வர்றவன் எல்லாம் படிக்கிறான். நோட்டுல எழுதும்போதும் முழுசா எழுதாதே. எல்லா பாஸ்வேர்டுக்கும் கடைசியில சில எழுத்தை ஒரே வாலா ஒட்டிக்க. அந்த வாலை மட்டும் எழுதாதே. நோட்டு தொலைஞ்சாலும் எடுத்தவன் வாலில்லாத மாட்டை வெச்சு என்ன பண்ணுவான்?

அப்புறம், ரகசியக் கேள்வின்னு சில இடத்துல கேக்கிறாங்களே, அம்மா பொறந்த வீட்டுப் பேரு என்ன, படிச்ச முதல் பள்ளிக்கூடம் எது, பொறந்த ஊர் எது. இதுல ரகசியம் எங்கேடா இருக்குது? உன் கல்யாணப் பத்திரிகையை எடுத்துப் பாரு. தாய்மாமன் பேரு, தாத்தா பாட்டி பேரு, ஊரு, தாலுக்கா, படிப்பு, வேலை எல்லாம் போட்டு, பத்தாததுக்கு 'நல்வரவை நாடும்'னு இருபது பேரை அச்சடிச்சு ஆயிரம் வீட்டுக்கு நாமதானே மஞ்சள் தடவிக் குடுத்தோம்? உங்கப்பன் கட்டினது அவன் தாய்மாமன் பொண்ணை. அவன் அம்மா பொறந்த வீடும் மாமியார் வீடும் ஒண்ணு. ஒரே பதில்ல அவனுக்கும் திறக்கும், உனக்கும் திறக்கும். அதனால அந்தக் கேள்விக்குக் கூசாமப் பொய் சொல்லு. பொறந்த ஊரு? டிம்பக்டூ. முதல் பள்ளிக்கூடம்? மாட்டாஸ்பத்திரி. உண்மையே பேசணும்னு சின்ன வயசுல உனக்குச் சொல்லிக் குடுத்தது மனுசங்ககிட்டே பேசறதுக்கு. சொன்ன பொய்யை மட்டும் நோட்டுல எழுதி வை.

ஓடிபி சங்கதி ஒண்ணு மிச்சம். என் மாமனார் வீட்டுல திண்டுக்கல் மணிப்பூட்டு ஒண்ணு இருந்துச்சு. சாவியைத் திருப்பற ஒவ்வொரு திருப்புக்கும் உள்ளே மணி அடிக்கும். கொல்லையில இருந்தாலும் எவனோ பெட்டியைத் தொடறான்னு தெரிஞ்சுரும். ஓடிபியும் அந்த மணிதான். நெட்டுல கார்டு தேய்க்கும்போது ரெண்டாவது சாட்சி ஒண்ணு வேணும்னு ரிசர்வ் வங்கி 2009 ஆகஸ்டுல கட்டாயமாக்கினதுனாலதான் இன்னிக்கு உன் போன் கிணுகிணுங்குது. நீ எதுவுமே வாங்காதபோது அது அடிச்சா, எவனோ பெட்டியில கை வெச்சிருக்கான்னு அர்த்தம். அந்த நேரம் பாத்து ஒருத்தன் போன் பண்ணி, சார் அந்த நம்பரைச் சொல்லுங்கன்னா, நீ ஒசூர் ரோட்டு பஸ்ல நின்னுக்கிட்டு கண்டக்டருக்கும் கேக்கிற மாதிரி சொல்றே! ராத்திரிக்குள்ள கரெண்டைப் புடுங்கிருவோம்னு பெஸ்காம் பேரைச் சொல்லி மெசேஜ் வந்தா, புடுங்கட்டும், மெழுகுவத்தி இருக்குன்னு விடு. வாட்ஸாப்புல கல்யாணப் பத்திரிகைன்னு ஏபிகே ஃபைல் வருதாமே, மஞ்சள் தடவாத பத்திரிகையைத் திறக்காதே. பணம் வாங்கறதுக்கு யுபிஐ பின் கேட்டா அவன் திருடன். பணம் வாங்கறதுக்கு அது வேண்டியதே இல்லை. மீறிப் போயிருச்சுன்னா வெக்கப்பட்டுக்கிட்டு உக்காராம உடனே 1930க்கு போன் போடு. எவ்வளவு சீக்கிரம் போடறியோ, பணத்தை வழியிலயே மடக்க அவ்வளவு வாய்ப்பு.

உன் போன் பூட்டு உன் பொண்டாட்டிக்குத் தெரியுமா? தெரியாதா? அப்படி என்னடா அதுக்குள்ள வெச்சிருக்கே? சரி, அது உங்க ரெண்டு பேர் பஞ்சாயத்து. ஆனா அந்த நோட்டு எந்தப் புடவைக்கு அடியில இருக்குதுன்னாவது அவளுக்குச் சொல்லி வை, வாலையும் சேத்துச் சொல்லு. பேங்குல நாமினி போட்டிருக்கியா? பாஸ்வேர்டைக் காதுல ஓதிட்டுச் சாகறதுக்கு எல்லாருக்கும் நேரம் கிடைக்கிறதில்லை. நாமினி பேரு இருந்தா பேங்க்காரன் பாஸ்வேர்டு கேக்காமலே அவங்ககிட்டே பணத்தைக் குடுப்பான். 2025 நவம்பர் 1லேர்ந்து ஒரு கணக்குக்கு நாலு பேர் வரைக்கும் போடலாமாம். பொண்டாட்டியைப் போடு, மகனைப் போடு, உங்கம்மாவைப் போடு. நாலாவது இடம் காலியா இருக்குதேன்னு பாசம் பொங்கி என் பேரைப் போட்டுராதே. போட்டேன்னா, பேரனுக்கு என்ன ஆகும்னு எதிர்பாக்கிறீங்கன்னு கேட்டு உங்க பாட்டி என்னைச் சோறு போடாம விரட்டிருவா.